அடுத்த தடவை

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகளின் மூத்த பையன், சென்ற டிசம்பரில் ஒரு மாலை, கைப்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து என் முன் நீட்டினான். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் காட்சி அது. கடலலைகள் அப்படியே உறைந்து புல்லாகிவிட்டாற்போல மேடும் சரிவுமாகக் கிடந்தது நிலம். வேலிகளுக்குள் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் மரநிழலில், படுக்கையும் அடுப்பும் கொண்ட வீட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. குதிரைகளுக்கென்றே அங்கே ஒரு பூங்கா 1978ஆம் ஆண்டு திறக்கப்பட்டதாகவும், அங்கே கூடாரம் அடித்தும் வண்டியை நிறுத்தியும் குடும்பத்தோடு தங்கலாம் என்றும் படித்துக் காட்டினான்.

"உம்மம்மா, நம்ம ஊர்ப் பக்கம் இப்படி ஓர் இடம் கிடையாதா?" என்று கேட்டான்.

"ஏன் கிடையாது? அங்கே பச்சை மேடு. இங்கே சிவப்பு மேடு. பெயரிலேயே குதிரை இருக்கிறது. குதிரைமொழித் தேரி!" என்றேன்.

காயல்பட்டினத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து திருச்செந்தூரைக் கடந்து, காயாமொழி வழியாகத் தெற்கும் மேற்குமாகச் சென்றால் அந்தத் தேரி வந்துவிடும். அங்கிருந்து உடன்குடி, குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போய்விடலாம். அரை நாளில் சென்று திரும்பிவிடக்கூடிய தூரந்தான். ஒரு பகல் தேரி, ஓர் இரவு மணப்பாடு என்று நான் வாயால் திட்டம் போட்டுக்கொண்டிருக்கையில், ஊஞ்சலில் அமர்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த என் உம்மா மெதுவாகச் சொன்னார்கள்:

"அந்தத் தேரியை நான் பார்த்ததே இல்லையே, புள்ளே."

அவர்களுக்கு வயது 85. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்த ஒரே ஊரில். இன்னும் சொன்னால் இந்த ஒரே வீட்டில். பெண்மக்கள் தாய்வீட்டிலேயே குடியிருந்து வாழ்வது எங்களூர் வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். நான்கு தலைமுறை ஒரே கூரையின்கீழ் இருந்தும், அந்தச் சொற்கள் என் காதில் விழும்வரை, உம்மா தேரியைக் கண்டதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்தபோது 1986ஆம் ஆண்டின் கோடை விடுமுறை என் கண்முன் வந்து நின்றது.

அந்த ஆண்டு நாங்கள் தேரிக்குப் போயிருந்தோம். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக வேனில் ஏறினோம். எல்லாரும் ஏறிய பிறகு பார்த்தால் இடம் போதவில்லை. யாரை இறக்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நான் இறங்கிக்கிறேன். அடுத்த தடவை வாறேன்" என்று சொல்லிவிட்டு உம்மா இறங்கி உள்ளே போய்விட்டார்கள். அப்போது அவர்களுக்கு 46 வயது. இன்று எனக்கு அதைவிட 20 வயது கூடுதல். அந்த 'அடுத்த தடவை' வருவதற்கு 40 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இடையில் வாப்பாவின் நோய், தங்கையின் பிரசவம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று காரணங்கள் இருந்துகொண்டே இருந்தன. காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவை ஒரே ஆளைத் தேடி வந்தன என்பதுதான் நியாயமாகப் படவில்லை.

அன்றைய பயணமும் நல்லபடியாக அமையவில்லை. நடுக்கோடையில், உச்சி வெயிலில், இரண்டே இரண்டு பானைத் தண்ணீரோடு போயிருந்தோம். தார்ச்சாலையை விட்டுச் சற்றே விலகியதும் வேனின் சக்கரங்கள் செம்மணலில் அச்சுவரை புதைந்தன. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டக் கூட்ட வண்டி இன்னும் ஆழத்துக்குப் போயிற்று. நண்பகலுக்குள் தண்ணீர் தீர்ந்தது. நான்கு வயதாயிருந்த என் மகள் வெயில் தாங்காமல் துவண்டு விழுந்தாள். அருகே பனங்காட்டில் தொழில் செய்துகொண்டிருந்த ஒரு பனையேறிக் குடும்பத்தார்தாம் ஓடிவந்து குழந்தைக்குத் தண்ணீரும் எங்களுக்குப் பதநீரும் தந்தார்கள். பனை மட்டைகளைச் சக்கரங்களுக்கு அடியில் பரப்பி வண்டியை வெளியே எடுத்துவிட்டவர்களும் அவர்களே. அவர்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் திரும்பினோம். அன்று துவண்டு விழுந்த அந்தக் குழந்தையின் பிள்ளைகள்தாம் இன்று குதிரை நாடு பார்க்கவேண்டும் என்கிறார்கள்!

ஆகவே இந்த முறை எதையும் திட்டமிட்டே செய்வது என்று முடிவாயிற்று. திட்டமிடுவதில் என் மருமகன் வல்லவர். கணிப்பொறியில் கட்டங்கள் போட்டு, நேரம், தூரம், செலவு என்று பிரித்து எழுதிவிட்டார். அவருடைய கட்டங்களில் முதலாவதாக இருந்தது வண்டி. கேரளத்திலிருந்து ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றார். சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாக மட்டுமே நம் மக்கள் அறிந்திருந்த கேரவன், இப்போது குடும்பங்களின் சுற்றுலா வண்டியாகவும் வந்துவிட்டது. மத்திய சுற்றுலா அமைச்சகம் முன்பே இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. கேரள அரசு 2021இல் 'கேரவன் கேரளா' என்ற பெயரில் ஒரு திட்டத்தையே அறிவித்தது. சொல்லைக் கேட்டு நம்மவர் மிரள வேண்டியதில்லை. பாலைவழிகளில் ஒட்டகங்களும் குதிரைகளுமாகச் சென்ற வணிகக் கூட்டத்துக்குப் பாரசீகத்தில் 'கார்வான்' என்று பெயர். அந்தச் சொல்தான் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, சக்கரம் பூட்டிக்கொண்டு நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் பாரமான அந்த வண்டி எங்களூர்த் தேரிக்கு ஏற்றதா என்று நான் கேட்டேன். தேரி மணல் ஆற்று மணல் போன்றதன்று. கண்ணாடித் துகள் போன்ற மணற்பொடிகளின்மேல் இரும்புத் துரு பூத்துச் சிவந்தது. பன்னெடுங்காலமாகக் காற்று வாரிக் குவித்த மேடுகள் அவை. வைகாசி முதல் ஆவணிவரை தென்மேற்குக் காற்று பிடித்ததென்றால் மணல் இன்றும் இடம் பெயரும். பனைகள் இடுப்புவரை புதைந்து நிற்பதைக் காணலாம். இம்மேடுகளிலிருந்து கிடைத்த பழங்கால மனிதரின் நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்ச்சின் என்னும் இரு அறிஞர்கள் 1956இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். அத்தனை ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் காலடி வைத்த மண்தான். என்றாலும், பாரம் ஏற்றிய சக்கரத்தை அது இன்றைக்கும் மதிப்பதில்லை.

"பெயரில் குதிரை இருக்கிறதே, அங்கே குதிரைகள் உண்டா?" என்று சின்னவன் கேட்டான். அய்யனார் கோயில்களில் வைத்திருக்கும் மண் குதிரைகளைத் தவிர இப்போது வேறில்லை என்றேன். "ஆனால் ஒரு காலத்தில் இந்தக் கரையிலேதான் உலகத்தின் மிகச் சிறந்த குதிரைகள் வந்து இறங்கின" என்றதும் இருவரும் என் அருகே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ 1292ஆம் ஆண்டளவில் பாண்டிய நாட்டுக்கு வந்தபோது 'காயில்' என்னும் துறைமுகத்தைக் கண்டார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள பழைய காயலே அது என்று கால்டுவெல் கண்டு சொன்னார். ஹுர்முஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்தும் அரபு நாடெங்குமிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்தன. பாண்டிய மன்னர் ஆண்டொன்றுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார் என்றும், அவருடைய சகோதரர்களும் அதேபோல வாங்கினார்கள் என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் வேறொரு கணக்குத் தருகிறார். கீஸ் தீவின் அதிபரான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் குதிரை இறந்துபோனாலும் விலையைப் பாண்டியர் கொடுத்துவிட வேண்டும். அந்த ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான்தான் பாண்டியரின் அமைச்சராக இருந்து காயல் துறைமுகத்தையும் கவனித்தவர். மரக்கலம் செலுத்தியோர் மரக்காயர் என்றும், குதிரையோடு தொடர்புற்றோர் இராவுத்தர் என்றும் பெயர் விளங்க வாழ்ந்த நம் முன்னோரின் கதையும் இந்தக் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

"அத்தனை குதிரைகளும் எங்கே போயின?" என்றான் பெரியவன்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அவை செத்துப்போயின. ஆண்டு முடியும்போது நூறு குதிரைகள்கூட மிஞ்சவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. இலாடம் அடிக்கவோ நோய் பார்க்கவோ தெரிந்தவர்கள் இங்கே இல்லை; சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் குதிரைக்குத் தீனியாகப் போட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். மீண்டும் மீண்டும் விற்கலாம் என்பதற்காக வணிகர்களே குதிரை வைத்தியர்களை வரவிடாமல் தடுத்தார்கள் என்றும் அவர் பழி கூறுகிறார். ஒரு பயணியின் செவிவழிச் செய்தியாகவே அதை நான் கொள்கிறேன். வெப்பமும் ஈரமும் நிறைந்த இந்தக் கரை, வறண்ட நாட்டுக் குதிரைக்கு இயல்பாகவே ஒவ்வாது. தீனி பற்றிப் பழி கூறுவதில் வஸ்ஸாஃபும் சேர்ந்துகொள்கிறார். வறுத்த வாற்கோதுமை, நெய்யில் பிசைந்த தானியம், காய்ச்சிய பால் என்று ஊட்டினார்களாம். ஆக, குதிரையை எவரும் பட்டினி போடவில்லை. அன்பாகத்தான் ஊட்டினார்கள். அதற்கு எது வேண்டும் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

இந்தக் கடைசிச் சொற்களை நான் பிள்ளைகளுக்காகத்தான் சொன்னேன். ஆனால் ஊஞ்சல் நின்றுவிட்டது. உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எழுந்து போன பிறகு, தாழ்ந்த குரலில் சொன்னார்கள்:

"அன்னைக்கு நான் இடமில்லைன்னா இறங்கினேன்? எப்படியும் நெருக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்பவே சர்க்கரை இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. காலையிலேருந்து அந்திவரைக்கும் ஒதுங்க ஒரு மறைவு இல்லாத இடத்துக்கு நான் எப்படி வர? யாராவது கேட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது? நாங்கள் கேட்கவில்லை. ஆண்களுக்கு அது தோன்றவே இல்லை. பெண்களாகிய எங்களுக்குத் தோன்றியது. ஆனால் வாய்விட்டுச் சொல்லக்கூடாத விஷயம் என்று வளர்க்கப்பட்டிருந்தோம். அதனால் அன்று பயணம் வந்த பெண்கள் அத்தனைபேரும் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தோம். தண்ணீர் தீர்ந்துபோனதால் அன்று மயக்கம் வந்தது என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். தண்ணீர் இருந்தபோதே நாங்கள் குடிக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்கிற்று. நம் குடும்பங்களில் எத்தனை முதிய பெண்கள், 'எனக்கு ஆசையில்லை', 'நீங்கள் போய் வாருங்கள்' என்று சொல்லி வாசலோடு நின்றுவிடுகிறார்கள்! அந்த ஆசையின்மைக்குப் பின்னால் இப்படி ஒரு சாதாரணத் தேவை ஒளிந்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

மறுநாள் மருமகனின் கட்டங்களைத் திருத்தி எழுதினோம். வண்டி முதல் கட்டத்திலிருந்து ஐந்தாம் கட்டத்துக்குப் போயிற்று. முதல் கட்டத்தில் நான் 'ஒதுங்கும் இடம்' என்று எழுதினேன். மருமகன் சற்றே கூச்சப்பட்டார். பிறகு அவரே கடைக்குப் போய், மடக்கக்கூடிய கழிப்பறை நாற்காலி ஒன்றும், அதைச் சுற்றி நிறுத்துவதற்கு ஆளுயரக் கூடாரத் துணியும் வாங்கிவந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, கேரவனின் ஒரு நாள் வாடகையில் ஒரு சிறு பகுதிதான். கேரவனும் கைவிடப்பட்டது. பதிலுக்கு 12 பேர் அமரும் டெம்போ டிராவலர் ஒன்றை அமர்த்தி, பின் வரிசையில் மெத்தை விரிப்பதாக ஏற்பாடு. நாங்கள் போவதோ ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர். இடம் போதாது என்ற பேச்சுக்கே இந்த முறை இடமில்லை.

பயணம் செல்வோர் தம்முள் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. எங்கள் பயணத்துக்கு உம்மாவே தலைவர் என்று பிள்ளைகள் அறிவித்துவிட்டார்கள். 85 வயதுத் தலைவர் உடனே கட்டளைகள் பிறப்பிக்கத் தொடங்கினார்கள். முதல் கட்டளை: டிசம்பரில் கிளம்பக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழையை இவ்வூரார் எவரும் மறக்கமாட்டார்கள். ஆகவே மழை ஓய்ந்து, காற்றும் வெயிலும் மூர்க்கம் கொள்ளாத ஜனவரி முதல் வாரம் குறிக்கப்பட்டது. இரண்டாவது கட்டளை: குடிதண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர், எல்லாரும் குடித்தாகவேண்டும். மூன்றாவது: இடியாப்பமும் மாசிச் சம்பலும் வீட்டிலிருந்தே போகும், வழியில் அடுப்பு மூட்டும் வேடிக்கை மணப்பாட்டில் மட்டும். நான்காவது: உடன்குடியில் நிறுத்திக் கருப்பட்டி வாங்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருப்பட்டி, சர்க்கரை நோயாளியான தலைவருக்காக அன்று, பேரப்பிள்ளைகளுக்காக என்று விளக்கமும் தரப்பட்டது!

நானும் என் பங்குக்கு விசாரித்தேன். தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே கூடாரம் அடிப்பதோ தீ மூட்டுவதோ கூடாது. ஆகவே தேரியில் பகற்பொழுது மட்டும், அதுவும் சாலையோரமாகவே என்று வரையறுத்தோம். வண்டி தாரை விட்டு இறங்கவே கூடாது என்பது 1986 கற்றுத்தந்த பாடம். அப்படியும் இறங்க நேர்ந்தால், சக்கரங்களில் காற்றைச் சிறிது குறைத்துவிட்டால் அவை அகன்று மணலைப் பற்றும் என்றும், வேகத்தைக் கூட்டக்கூடாது என்றும் ஓட்டுநர் சொன்னார். இரண்டு பலகைத் துண்டுகளை அவரே எடுத்து வைத்துக்கொண்டார். உம்மாவின் இன்சுலின் மருந்துக்குப் பனிக்கட்டி போட்ட குடுவை ஒன்று தயாராயிற்று. உறைந்தாலும் அம்மருந்து பயனற்றுப் போய்விடும் என்பதால், பனிக்கட்டியைத் தொடாதபடி துணியில் சுற்றி வைத்தோம். முப்பது கிலோமீட்டர்ப் பயணத்துக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை கிடையாது என்பதால், ஒவ்வொரு வக்தும் எங்கே கழியும் என்பதையும் கட்டத்தில் எழுதினோம்.

இரவு தங்குவதற்குத்தான் இடம் வேண்டியிருந்தது. என்னோடு ஆசிரியைப் பயிற்சி பெற்ற மணப்பாட்டுத் தோழி ஒருத்தியைத் தொலைபேசியில் அழைத்தேன். விடுதி ஏதேனும் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். "எங்கள் வளவு எதற்கு இருக்கிறது? கூடாரத்தை இங்கேயே அடித்துக்கொள்ளுங்கள். உங்கள் உம்மாவுக்கு என் அம்மாவின் அறை இருக்கிறது, குளியலறையோடு" என்று அவளே சொன்னாள். நான் கேட்காமலே குளியலறையைச் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மணப்பாடு பரதவ கிறித்தவர்களின் ஊர். கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில், கடலுக்குள் நீண்ட மணற்குன்றின்மேல் 1581ஆம் ஆண்டைச் சேர்ந்த திருச்சிலுவைக் கோயிலும் கலங்கரை விளக்கமும் நிற்கின்றன. 1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் அக்குன்றிலே உண்டு. வரலாறு படித்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். 1530களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இக்கரையில் பெரும் பகை மூண்டது. பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடி அவர்கள் சமயத்தைத் தழுவினார்கள். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அதே போர்ச்சுக்கீசியர்தாம் குதிரை வாணிபத்தையும் தம் பிடிக்குள் கொண்டுவந்தவர்கள். முத்தும் போயிற்று, குதிரையும் போயிற்று, அவற்றுக்காகச் சண்டையிட்டவர்களும் போனார்கள். மிஞ்சியிருப்பது, 'எங்கள் வளவு எதற்கு இருக்கிறது' என்று கேட்கும் ஒரு பரதவப் பெண்ணின் குரல். இதுவே இக்கரையின் மெய்யான செல்வம் என்பேன்.

குறித்த நாளில், அல்ஹம்துலில்லாஹ், கிளம்பினோம். உம்மாவின் பை மூன்று நாட்களுக்கு முன்னரே கட்டப்பட்டு வாசல் திண்ணையில் இருந்தது. வண்டியில் முதலில் ஏறியவர்களும் அவர்களே. எல்லாரும் ஏறி அமர்ந்த பிறகும் மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன. அவற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி, போகலாம்" என்றார்கள்.

அஸர் வேளைக்குச் சற்று முன்னதாகத் தேரியை அடைந்தோம். பிள்ளைகள் மேட்டில் ஏறி உருண்டார்கள். கென்டக்கியை அவர்கள் மறந்தே போனார்கள். உம்மாவைச் சாலையோரமாக, பனையின் நிழலில் நாற்காலியிட்டு அமர்த்தினோம். சிறிது நேரம் கழித்து, செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெறும் பாதத்தை மணலில் வைத்து, உள்ளங்கையால் ஒரு பிடி அள்ளி, விரல்களின் இடுக்கில் வழியவிட்டார்கள். "தயம்முமுக்கு எத்தனை தோதான மண்!" என்பதே அவர்கள் தேரியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. தண்ணீர் தாராளமாக இருந்ததால் ஒளூச் செய்தே தொழுதோம். கூடாரத் துணி காற்றில் படபடத்துக்கொண்டு தன் காவலைச் செய்தது. அன்று எல்லாப் பெண்களும் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தோம்.

குலசேகரன்பட்டினத்தைக் கடக்கும்போது, 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்ட விண்கல ஏவுதளத்தைப் பற்றிப் பிள்ளைகள் ஓட்டுநரைத் துளைத்தெடுத்தார்கள். குதிரை இறங்கிய கரையிலிருந்து விண்கலம் ஏறப்போகிறது! மஃரிப் மணப்பாட்டில் கழிந்தது. தோழியின் வளவில் பிள்ளைகளுக்கு இரண்டு கூடாரங்கள் எழுந்தன. விறகடுப்பில் மீன் வெந்தது. எங்களுக்கு நினைவாகத் தோழி வைத்திருந்தவை, அவ்வூர்ப் பெண்கள் வண்ண ஓலையால் முடைந்த பெட்டிகள். நள்ளிரவு கடந்து நான் விழித்தபோது, அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உம்மாவும் தோழியின் தாயாரும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் எண்பதைக் கடந்தவர்கள். ஒரே கடலைப் பார்த்து வளர்ந்தும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பயணங்களைப் பற்றி எழுதுவோர் இடங்களையும் வண்டிகளையும் பற்றியே எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, திட்டம் என்பது கூட வருபவர்களுள் மிகவும் இயலாதவர் யார் என்று கண்டறிந்து, அவரிடம் போய் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பதுதான். அவருக்கு ஏற்றபடி வகுத்தால் மற்றவர்களுக்கு எதுவும் குறையாது. பாண்டியருக்குப் பொன் இருந்தது, கப்பல் இருந்தது, அன்பும் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. நாங்களும் 40 ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம்.

காலையில் வண்டி கிளம்பியதும், கடலைத் திரும்பிப் பார்த்தபடி உம்மா சொன்னார்கள்: "அடுத்த தடவை பங்குனியிலே வரணும், புள்ளே. நீங்க மட்டும் குடிச்சிட்டு வந்தீங்களே, அந்தப் பதநீரை நானும் குடிச்சுப் பார்க்கணும். சர்க்கரைதான், ஒரு வாய் போதும்."

நான் மருமகனிடம் தாளை வாங்கி, முதல் கட்டத்தில் எழுதிக்கொண்டேன். பங்குனி மாதம், பதநீர், ஒரு வாய். இன்ஷா அல்லாஹ்.